மாப்பிள்ளை சாரின் காற்றாலை

என் மேசையின் இடது மூலையில், டெலிபோனுக்குப் பக்கத்தில், ஒரு காற்றாலை நிற்கிறது. உடுமலைப்பேட்டைப் பக்கம் வானத்தை மறைத்து நிற்கிறதே, அந்த ரகம் அல்ல. ஹாலந்து நாட்டில் முன்பு மாவரைத்த பழைய காற்றாலையின் பொம்மை வடிவம். பித்தளைத் தகட்டில், ஒரு டம்ளர் உயரம். ஃபேன் போட்டால் நான்கு இறக்கைகளும் மெல்லச் சுற்றும். ஆபீசுக்கு வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்பார்கள், நானும் ஆமாம் என்பேன். ஆனால் அதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் அழகினால் வருவதல்ல. ஒரு மனிதரின் முகம் என் கண்ணெதிரில் சுண்டிப்போனதை நினைத்து வருவது. அவரை நாங்கள் மாப்பிள்ளை சார் என்று கூப்பிடுவோம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு பையர் என்ன கேட்கிறார் என்று புரிந்துகொண்டு, சாம்பிள் தைக்க வைத்து, சரக்கு கப்பல் ஏறும்வரை கூடவே ஓடுகிற வேலை. நாங்கள் சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். மெர்ச்சண்டைசிங் மேனேஜர் நாற்காலி எனக்குத்தான் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் சொல்லி, அம்மா ஊருக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு, முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர் கோயமுத்தூரிலிருந்து வந்து அதில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை என்று எழுதத்தான் கை போகிறது. கெட்டவர்தான். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. எதைப் பிடுங்கினாலும் 'ங்க' போட்டுத்தான் பிடுங்குவார்.

இந்த ஊரின் மரியாதையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரிலும் உபசாரம் உண்டு, இந்த அளவுக்குக் கிடையாது. முதன்முறை முதலாளி வீட்டுக்குப் போனபோது காபி கேட்டார்கள். வயிறு சரியில்லாததால் உண்மையாகவே வேண்டாம் என்றேன். "அட, அப்படிச் சொல்லலாமுங்களா" என்று விடாப்பிடியாக ஊற்றி, குடித்து முடித்ததும் மறுபடி ஊற்றினார்கள். இங்கே முதலில் 'வேண்டாங்க' என்பது கேட்கப்பட்டவரின் மரியாதை. விடாமல் வற்புறுத்துவது கேட்டவரின் மரியாதை. சரி என்று விட்டுவிட்டால் அதுதான் அவமானம். இதைப் படிக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது, படித்தது வீண் போகவில்லை.

எங்கள் பெரிய பையர் ஒரு வயதான ஹாலந்துக்காரர். எந்த உடுப்பைக் கொடுத்தாலும் முன்பக்கத்தைப் பார்க்கமாட்டார். உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டித் தையலைத்தான் முதலில் பார்ப்பார். அவருடைய குழந்தைகள் டி-சர்ட் ஒன்று எங்களைப் பாடாய்ப் படுத்தியது. கழுத்து குழந்தையின் தலையில் நுழையவில்லை. அகலப்படுத்தினால் தோளிலிருந்து சரிந்தது. பட்டன் வைப்பதற்கு விலை இடம் கொடுக்கவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போகிற நிலையில், நான் தோளில் முன்துண்டும் பின்துண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி வைத்து, ஓரத்தில் மட்டும் கறுப்பு நூலால் என் கையாலேயே முடிச்சுப் போட்டேன். தலை நுழையும்போது கழுத்து விரிந்தது, நுழைந்ததும் மூடிக்கொண்டது. பையர் அதைப் புரட்டிப் பார்த்து, யாருடைய யோசனை என்று கேட்டார். "நம்ம மாப்பிள்ளைதானுங்க" என்றார் முதலாளி. மாப்பிள்ளை சார் தலையைக் குனிந்து, அடக்கமாகச் சிரித்தார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஊருக்குப் போன பையர் ஒரு பெட்டியை அனுப்பிவைத்தார். உள்ளே, துண்டுகளை வெட்டி எடுத்து மடித்துக் கோத்தால் காற்றாலையாகிற ஒரு பித்தளைத் தகடு. தோள் புதிரை அவிழ்த்தவருக்கு இன்னொரு புதிர் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, அது எனக்கு வந்த பெட்டி. போய்ச் சேர்ந்தது மாப்பிள்ளை சாரிடம். அடுத்த வாரம் அவர் அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். பித்தளைத் தகட்டிலிருந்து துண்டுகளில் பாதியை வெட்டி எடுத்துக் குழப்பிப் போட்டிருந்தார்.

"பையர் வர்றப்ப இது நம்ம டேபிள் மேல நிக்கோணும். சித்த முடிச்சு வெச்சுருங்க அம்மிணி."

"எப்படிச் செய்யணும்னு ஒரு பேப்பர் இருக்குமே சார்?"

"அதையத் தூக்கிப் போட்டாச்சுங்க. படம் பாத்துச் செய்யறதுக்கு நாம என்ன ஒண்ணாங்கிளாஸாங்க?"

ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைன் வீட்டில், துண்டுகள் சிதறிப் போகாமலிருக்க ஒரு தாம்பாளத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். "பனியன் கம்பெனியில தகரத்தை எதுக்குடி குடுக்காவ?" என்று அம்மா கேட்டாள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அரிசி முனை அளவுக்கு நாக்குகள் இருந்தன. அவற்றை அடுத்த துண்டின் துளையில் நுழைத்து மடிக்க வேண்டும். பனியனில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். கம்பெனியில் அதற்கு ஆல்டர் என்று பெயர், பாதி நாள் அதிலேயே போகும். தகட்டுக்கு ஆல்டர் கிடையாது. மடித்த நாக்கை நிமிர்த்தி மறுபடி மடித்தால் கையோடு வந்துவிடுகிறது. ஒன்றை ஒடித்த பிறகுதான் அது புரிந்தது. அதோடு தகட்டை வைத்துவிட்டு, எல்லாத் துண்டுகளையும் பேட்டர்ன் அட்டையில் வரைந்து வெட்டி, முதலில் ஓர் அட்டைக் காற்றாலை செய்து பார்த்தேன்.

அட்டையில் தப்பு செய்ய பயம் இல்லை. எந்த உடுப்பிலும் கடைசியாக மூடுகிற தையல் எது என்று தெரிந்தால் அங்கிருந்து பின்னோக்கிப் போய்விடலாம். இதில் கடைசியாக மூடுவது கூரை. கூரையை மூடிவிட்டால் இறக்கைகளின் அச்சு உள்ளே போகாது. இது பிடிபட்டதும் மற்றவை தாமாக வரிசைக்கு வந்தன. ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கும் இடுக்கியால் நாக்குகளை ஒவ்வொன்றாக மடித்தேன். ஒடிந்த நாக்கு இருந்த இடத்தை உள்பக்கமாகக் கறுப்பு நூலால் கட்டி, டி-சர்ட் தோளில் போட்ட அதே முடிச்சைப் போட்டேன். பொழுது சாயும்போது வாயால் ஊதினேன், இறக்கைகள் சுற்றின. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படி ஒரு சந்தோஷம். நாளைக்கு இது அவர் மேசைக்குப் போய்விடும் என்ற நினைப்பு அதன் பின்னாலேயே வந்தது. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பையரைக் கோயமுத்தூர் விமான நிலையத்திலிருந்து அழைத்துவர என்னைத்தான் அனுப்புவார்கள். காரில் ஏறியதும் அவர் கேட்டது பெட்டியைப் பற்றித்தான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் கோள் சொல்லுகிறவள் ஆவேன்; அவர் வருத்தப்படுவார், பிறகு முதலாளி வீட்டு விருந்தில் போய் உட்காருவார். அதனால் மாப்பிள்ளை சாரைப் புகழ்ந்தேன். செய்முறைத் தாளையே பார்க்காமல், ஒரே மூச்சில் முடித்துவிட்டார் என்றேன். தாளைப் பார்த்துச் செய்தே தனக்கு வாரக்கணக்கில் ஆனது என்று அவர் வியந்தார். ஹோட்டல் அறையில் பொழுதுபோக்க இன்னொரு பெட்டி கைவசம் இருப்பதாகவும் சொன்னார். அது ஒரு கப்பல். எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளை சாரைச் செய்யச் சொல்லுங்கள், அவருக்குப் பெருமையாக இருக்கும் என்றேன். முதலில் கூச்சப்பட்டு மறுப்பார், இந்த ஊர் வழக்கம் அப்படி, நீங்கள் விட்டுவிட்டால் மனம் புண்படும் என்றும் சொன்னேன். அவிநாசி தாண்டும்வரை அந்த வயதானவர் 'வேண்டாங்க' என்ற சொல்லைச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார்.

கூட்ட அறையில் காற்றாலை நடுநாயகமாக நின்றது. பையர் பாராட்டினார். மாப்பிள்ளை சார் சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பார். "சிம்பிள்தான் சார்" என்று கையை வீசினார். பையர் கப்பல் பெட்டியைத் திறந்து, செய்முறைத் தாளை மட்டும் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தகட்டை அவர் பக்கம் தள்ளினார். வேலை இருக்கிறது, நேரமில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று மாப்பிள்ளை சார் என்னென்னவோ சொன்னார். அவர் மறுக்க மறுக்கப் பையருக்கு உற்சாகம் ஏறியது. "வேண்டாங்க?" என்று அவரையே கேட்டுச் சிரித்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். முதலாளிக்கோ பெருமை தாங்கவில்லை. "அட செய்யுங்க மாப்ள, பெரியவரு ஆசப்படறாரு" என்றார்.

மாப்பிள்ளை சார் துண்டுகளை வெட்டி எடுத்தார். ஒரு நாக்கைத் தப்பான துளையில் நுழைத்து மடித்தார். "போச்சாது, ஆல்டர் பண்ணிக்கலாம்" என்று தன்னைத் தேற்றி முனகிக்கொண்டு நிமிர்த்தி, மறுபடி மடித்தார். ஒடிந்தது. இன்னொன்றும் ஒடிந்தது. தகட்டு விளிம்பு விரலைக் கிழித்து, கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியில் ரத்தம் சொட்டியது. வெள்ளைத் துணியில் ஒரு கறை பட்டாலே கத்துகிற முதலாளி வாயைத் திறக்கவில்லை. பையரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. காற்றாலையில் முதலில் போனது அச்சா, கூரையா என்று மெதுவாகக் கேட்டார். "கூரைங்க சார்" என்றார் மாப்பிள்ளை சார், பதற்றத்தில் தமிழிலேயே, கூரையைத் தொட்டுக் காட்டி. பையர் காற்றாலையைத் தலைகீழாகப் புரட்டி உள்ளே பார்த்தார். பிறகு நான் முடிச்சுப் போட்ட குழந்தைகள் டி-சர்ட் சாம்பிளை எடுத்து அதையும் புரட்டினார். இரண்டிலும் ஒரே கறுப்பு முடிச்சு. காற்றாலையைத் தூக்கி என் முன்னால் வைத்தார். மாப்பிள்ளை சார் ரத்தம் கசிந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்த முகத்தை நன்றாக, ஆசை தீரப் பார்த்துக்கொண்டேன்.

நாற்காலி கிடைக்கவில்லை. "அம்மிணி, நீங்க வேற எடம் பாத்துக்கறது நல்லதுங்க" என்று முதலாளி மரியாதையாகவே அனுப்பிவைத்தார். காற்றாலையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் போன இடத்துக்கு ஹாலந்து ஆர்டரும் வந்து சேர்ந்தது. பின்னாளில் பையர்களுக்குக் கம்பெனி பிடித்துக் கொடுக்கும் இந்த ஆபீசை நானே தொடங்கினேன்.

சென்ற மாதம் மாப்பிள்ளை சார் இங்கே வந்தார். தலை நரைத்திருந்தது. கம்பெனியில் பாதி மெஷினுக்கு வேலையில்லை, ஆர்டருக்காக ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்குகிறார் என்பது எனக்கு முன்பே தெரியும். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "வேண்டாங்க" என்றார். அட, அப்படிச் சொல்லலாமா என்று வற்புறுத்தி வரவழைத்துக் கொடுத்தேன். குடித்து முடித்து, காற்றாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஃபேன் காற்றில் அது சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆர்டர் விஷயமா ஏதாவது வந்தீங்களா சார்?" என்றேன்.

"அதெல்லா வேண்டாங்க. இந்தப் பக்கம் வந்தனுங்க, சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் நுனியில், என் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.