கிண்ணத்தில் தண்ணீர்

அவரைக் கிண்ணத்துக்காரர் என்றுதான் சொல்வார்கள். தச்சர். கட்டில், கதவு எல்லாம் செய்து பார்த்துவிட்டு, இசைத்தட்டுக் கருவிகளுக்கு அலமாரி செய்வதோடு நிறுத்திக்கொண்டார். வேலை முடிந்ததும் பலகைமேல் எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார். அது அசையாமல் நிற்கும்வரை அந்த வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்.

"நம்ம கட்டில் கிரீச்சுன்னு கத்துதே, அதுல வைக்கிறதுதானே உங்க கிண்ணத்த" என்பாள் மனைவி.

"கட்டில்ல என்ன ஊசியா ஓடுது?"

ஒருநாள் ஒரு பெண் தன் அம்மா வீட்டுக்கு அவரை அழைத்துப்போனாள். செத்துப்போன அப்பாவின் இசைத்தட்டுக் கருவி ஒரு மெல்லிய பலகைமேல் இருந்தது. பாட்டின் நடுவே ஊசி எகிறியது.

"அப்பா நடக்கிறாருன்னு சொல்றாங்கண்ணே. சோறு தண்ணி இல்லாம இது முன்னாடியே உட்கார்ந்திருக்காங்க. எப்படியாவது நிறுத்திக் கொடுங்க."

மரத்தரை. தச்சர் அந்தப் பலகைமேல் கிண்ணத்தை வைத்துப் பார்த்தார். மூலையில் ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியதும் கிண்ணத்தில் வளையங்கள் எழுந்தன.

"உங்கப்பா அங்க நிக்கிறாரும்மா" என்று ஃபிரிட்ஜைக் காட்டினார். மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அலமாரிக்குக் கண்ணாடி போட்டால் அதுவும் பாட்டோடு சேர்ந்து பாடும். ஒற்றைப் பலகை அதிரும். அதனால் தடித்த பிளைவுட் இரண்டை ஒட்டி அலமாரி செய்தார். மேலே நான்கு மூலைக்கும் ரப்பர் வைத்து, அதன்மேல் கருங்கல் பலகை. மறுமுறை காலையில் வந்து, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரில்லிங் மெஷினைச் செருகி, அலமாரியைச் சுவரோடு முடுக்கினார். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள்.

கிண்ணத்தில் தண்ணீர் அசையவில்லை. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடி முடிந்தது. ஊசி ஒருமுறைகூட எகிறவில்லை.

அம்மா கல்லின்மேல் கைவைத்துப் பார்த்தாள்.

"போயிட்டாரா?"

சரியாக வந்த வேலைக்காகத் தச்சர் தலைகுனிந்தது அதுதான் முதல் தடவை. கல்லை மெல்ல நெம்பி ஒரு மூலை ரப்பரை உருவினார். ஃபிரிட்ஜின் அதிர்வு மறுபடி கல்லுக்கு ஏறட்டும் என்று அந்த இடத்தில் ஒரு மரச்சில்லை வைத்தார். மகளுக்கு என்ன சொல்வது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நடுங்கியது. அடங்கியது. மறுபடி நடுங்கியது, யாரோ அடிமேல் அடி வைத்து வருவதுபோல.

"வந்துட்டாரு" என்றாள். முகம் தெளிந்து எழுந்து சமையலறைக்குப் போனாள். "இருப்பா, உனக்கும் சேர்த்துப் போடுறேன். சாப்பிட்டுட்டுப் போ."

தச்சர் மெஷின் வயரைப் பிடுங்கக் குனிந்தார். பக்கத்தில் ஃபிரிட்ஜின் பிளக், அவர் காலையில் கழற்றிப் போட்ட இடத்திலேயே, தரையில் கிடந்தது.

இன்றும் அவர் அலமாரி செய்கிறார். பெயரும் மாறவில்லை. கிண்ணம் மட்டும் வீட்டுப் பரணில் கவிழ்ந்து கிடக்கிறது.