பஞ்சர்க்காரரின் படகு

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருந்தவரை எல்லோரும் 'குமிழி' என்றுதான் கூப்பிட்டார்கள். டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். கிளம்பியதும், "இந்தா, மாட்டிக்கிட்டான்!" என்று ஒரு கத்தல். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு ஓட்டைகூடத் தன் கண்ணுக்குத் தப்பியதில்லை என்பது அவருடைய பெருமை. அதில் பொய்யில்லை. ஆனால் அதைத் தினமும் நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சொல்லி முடித்ததும் முக்காலியில் 'தொம்' என்று உட்காருவார். மூட்டையை இறக்கினால்கூட அதைவிட மெதுவாக இறங்கும். கடைக்கு இது நாலாவது முக்காலி.

அவர் மனைவிக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ஆறு ஒன்றும் பெரிய அகலமில்லை, துடுப்புப் போட்டால் பத்து நிமிஷம். பாலம்தான் எங்கோ இருந்தது. பேருந்து தெருத்தெருவாகச் சுற்றிப் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். அதற்காக அவள் சேவலை எழுப்பிவிட வேண்டிய நேரத்தில் எழுந்திருப்பாள். கண்ணைத் திறக்காமலே பல் தேய்ப்பாள். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்குத் தூங்கக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் மனுஷனுக்குத் தெரியவில்லை. ஒரு பழைய அலுமினியப் படகை வாங்கி வந்து, "மீன் பிடிக்கலாம்னு வாங்கினேன். வேணும்னா நீயும் வரலாம்" என்றார்.

முதல் நாளே நடு ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர். அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியிலும் செருப்பைக் கையிலும் வைத்துக்கொண்டு அக்கரை சேர்ந்தாள்.

அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் படகைப் பற்றித்தான் கேட்டார்கள். ஓட்டை தப்பாத மகான் என்ன பதில் சொல்வார்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதைதான். "நான் தனியாப் போனா சொட்டுத் தண்ணி வராது. அவ ஏறி உக்காந்ததும்தான் ஒழுகுது" என்று சொல்லிவிட்டார். இத்தனைக்கும் தனியாக அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. கேட்டவர்களில் பேருந்துக் கண்டக்டரும் ஒருவர்.

மறுநாள் காலை அவள் படியில் கால் வைத்ததும் கண்டக்டர், "பயப்படாம ஏறுங்கக்கா, பஸ் தாங்கும்!" என்றார். பேருந்தே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னது இவ்வளவுதான்:

"செருப்பு நனையாத படகா இருந்தா சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்குப் பஸ்ஸே போதும்."

குமிழி தன் தொழிலைக் காட்டினார். படகைக் கவிழ்த்துப்போட்டு, உப்புத்தாள் தேய்த்து, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் டியூபுக்கு ஒட்டுகிற ரப்பர் ஒட்டுகளை ஒட்டினார். மொத்தம் பத்தொன்பது. படகு பாதி ஆறு போவதற்குள் அத்தனையும் கழன்றுகொண்டன. அடுத்த நாள் கீழ்த்துறையில் துணி துவைக்கிற ஆள் ஒருவர் மூன்று ஒட்டுகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து, "உங்களுதுதானே?" என்று கேட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். குமிழிக்கு முகம் சுண்டிப்போனது.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. டியூபில் காற்று உள்ளே, தண்ணீர் வெளியே. படகில் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டால் ஓட்டை தானாகச் சொட்டிக் காட்டிக்கொடுக்காதா? ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் பழைய டயர்களை மூன்று அடுக்காக அடுக்கி, மேலே படகை ஏற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"படகுக்கு வெளியிலதாங்க தண்ணி இருக்கணும்."

"உங்க வேலையப் பாருங்க!"

கீழே தவழ்ந்து பார்க்க வேண்டும். குமிழியின் வயிறு டயர்களுக்கு நடுவே நுழைய மறுத்தது. வேறு வழியில்லாமல் மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு, சலவைக்கூடத்தில் துணிக்கு எண் போடுகிற அழியாத மைப்பேனாவோடு உள்ளே புகுந்தாள்.

"முன்பலகைக்குக் கீழ பாரு. நீ உக்காந்த இடம். மொத்தமும் அங்கதான் இருக்கும்."

"இங்க காஞ்சு கெடக்கு."

"நல்லாப் பாரு!"

"நல்லாத்தான் பாக்கறேன்."

அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே தவழ்ந்தாள். பிறகு, "ஒண்ணு" என்றாள். "ரெண்டு. மூணு." எண்ணிக்கொண்டே போனாள். பதினொன்றில் நின்றது. குமிழி தரையில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தார். பதினொரு கறுப்பு வட்டங்களும் நடுப்பலகைக்குக் கீழே இருந்தன. துடுப்புப் போடுகிறவன் உட்காரும் பலகை அது. அவர் 'தொம்'மென்று உட்கார்ந்த வேகத்தில், பலகையைப் பிடித்திருந்த பழைய ரிவெட் ஆணியெல்லாம் ஆட்டம் கண்டுவிட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை.

அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் பேனாவை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.

ரிவெட்டை இறுக்க ஆள் இரண்டு வேண்டும். ஒருவர் வெளியே கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளேயிருந்து சுத்தியலால் அடிக்க வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டுப் படகை ஒருக்களித்து நிறுத்தினார்கள். அவள் வேலையிடத்தில் ஓரங்கட்டிய இஸ்திரிப்பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து ரிவெட்டின் தலையில் அழுத்திக்கொண்டாள். நடுவே தகடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

'டங்.' "அடுத்தது." 'டங்.' "அடுத்தது."

ஏழாவது ரிவெட்டில் தகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "நேத்தும் கண்டக்டர் பஸ் தாங்கும்னு சொன்னாரு. அன்னைலேர்ந்து தெனமும் சொல்றாரு."

சுத்தியல் கட்டைவிரலில் இறங்கியது.

"அடுத்தது" என்றாள் அவள்.

இறுக்கிய இடத்திலெல்லாம் பசை தடவி, இரண்டு நாள் காயவிட்டு, படகின் தரையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு அக்கரை போய்த் திரும்பினார். அதை அப்படியே அவளிடம் நீட்டினார். "பாரு, ஒரு எழுத்து நனையல."

"நல்லது" என்றாள்.

மறுநாள் காலை வழக்கம்போலப் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள்.

குமிழி கடையைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தார். செருப்பு நனையாத படகு கேட்டாள், செய்தாயிற்று. இன்னும் என்ன? ஆனால் என்னவென்று அவருக்குத் தெரியும். கட்டைவிரல் அதற்குள் ஆறவில்லையே. பேருந்து வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "வாங்கக்கா, பஸ்..." என்று ஆரம்பித்தார்.

"யோவ், நிறுத்துய்யா!" குமிழி நடுரோட்டுக்கு வந்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "ஓட்டை அவ உக்காந்த எடத்துல இல்ல. நான் உக்கார்ற எடத்துல. பதினொண்ணு! எண்ணினதும் அவதான், அடைச்சதும் அவதான். நான் அநியாயமா அவ மேல பழியைப் போட்டேன். இனிமே எவனாவது அந்தப் பேச்சை எடுத்தா..." என்ன செய்வதென்று தெரியவில்லை. "எடுக்காதீங்க" என்று முடித்தார்.

கண்டக்டர் அசடு வழிய விசில் அடித்தார். வரிசை முழுதும் ஏறியது. அவள் ஏறவில்லை. பேருந்து போன பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"எங்க போற? படகு அந்தப் பக்கம்!"

"பத்து நிமிஷம்தானே? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நான் போய்த் தூங்கறேன். நேரத்துக்கு வந்து எழுப்புங்க" என்று நடந்தவள், நாலடி போய் நின்று திரும்பினாள். "அப்புறம், படகுல மெதுவா உக்காருங்க."