ஞாயிற்றுக்கிழமைப் புகை

என் வீட்டுக்காரர் இசக்கிமுத்துவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்று சுலபமாக வந்துவிடும். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். யார் வீட்டில் மோட்டார் நின்றாலும் கூலி பேசாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நாலாவதைச் சொல்ல வாயெடுக்கும்போதுதான் அந்தப் பைப் குறுக்கே வந்து நிற்கும்.

பைப் என்றால் தண்ணீர் பைப் இல்லை. புகையிலையை அடைத்துப் பற்றவைத்து வாயில் வைத்துக்கொள்வார்களே, அது. எங்கள் ஊர் நடுவட்டத்தில் அப்படி ஒரு சாமானை வைத்துக்கொண்டு உட்காருகிற ஒரே ஆள் இவர்தான். ரோட்டோரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது, டீத்தூளும் கேரட்டும் விற்கிறேன். டூரிஸ்ட்டுகள் வண்டியை நிறுத்துவார்கள், இவரைப் போட்டோ எடுப்பார்கள், ஒரு கேரட் கூட வாங்காமல் போய்விடுவார்கள்.

ஆனால் ஒன்று, இவர் எந்நேரமும் புகைக்கிற ஆள் இல்லை. வாரத்தில் ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. அதற்குக் காரணம் தேயிலை. இவர் எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார், நான் அங்கேயே தூள் சலிக்கிற அறையில் வேலை பார்த்தவள். தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு போனதற்கு என்னையே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். புகையிலை வாடையோடு ஒரு ஃபிட்டர் உள்ளே போனால் சும்மா விடுவார்களா? அதனால் இவர் ஞாயிறு மட்டும் புகைத்துவிட்டு, தலைக்குக் குளித்து, சட்டையை மாற்றி, திங்கட்கிழமை வேலைக்குப் போவார். ரிட்டையர் ஆன பிறகும் அந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. மற்ற நாட்களில் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைப்பார். எரியாத புகையிலை பாயசத்துக்கு வறுத்த திராட்சை மாதிரி மணக்கும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எரிந்த பிறகு அதன் யோக்கியதையே வேறு.

இந்தப் பழக்கத்தை இவருக்கு ஒட்டவைத்தவர் ஊட்டி மார்க்கெட்டில் குடையும் ஸ்வெட்டரும் விற்கிற ஷௌகத் அலி பாய். ஊட்டிக்குப் பக்கத்தில் பெர்ன்ஹில்லில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். இவர் ஒரு டூல்ஸ் பெட்டிக்கு ஏலம் கேட்டார். யாரோ ஒரு பாய் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். இவருக்கும் ரோஷம் வந்து ஏற்றினார். பெட்டி இவர் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பாய்க்கு ஸ்பேனரும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். பெட்டிக்குள் அடியில் கிடந்த மூன்று பைப்தான் வேண்டும். இரண்டை அவருக்கே கொடுத்தார் இவர். பாய் அந்த இடத்திலேயே ஒன்றைத் துடைத்து, பற்றவைத்து, “ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க” என்று நீட்டியிருக்கிறார். அதுவரை இவருக்குத் தெரிந்ததெல்லாம் என் மாமனார் பிடித்த உறையூர்ச் சுருட்டுதான். அன்றைக்கு வீட்டுக்கு டூல்ஸோடு மூன்றாவது பைப்பும் வந்தது. போனது என் நிம்மதி.

அன்றிலிருந்து இருபது வருடமாக இரண்டு பேரும் கூட்டாளிகள். ஞாயிறு நாலு மணிக்கு இவர் கடைக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொள்வார். பாய் பெர்ன்ஹில் வீட்டில் கண்ணாடி ரூமில் உட்காருவார். போனில் ஸ்பீக்கர். அந்தப் பக்கம் தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்கும், அப்புறம்தான் இவர் தன் குச்சியைக் கிழிப்பார். இரண்டு பக்கமும் ‘பு, பு, பு’ என்று சின்னச் சின்ன இழுப்பு.

“எப்படி பாய், இன்னிக்கு?”

“கொஞ்சம் ஈரம், இசக்கி.”

“இங்கயும் ஈரந்தானுங்க.”

ஈரம் என்றால் புகையிலையில். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், இடையிடையே மழை, முட்டைக்கோஸ் விலை, பேரன் மார்க் என்று ஒவ்வொரு வரி வரும். ஒன்றும் பேசாததற்கு எதற்கு போன் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதெல்லாம் உனக்குப் புரியாது என்பார்.

ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் நேரில் சந்திப்பார்கள். பாய் எங்கிருந்தோ இரண்டு சிகார் வாங்கி வைத்திருப்பார், ஆளுக்கு ஒன்று. உறையூர்ச் சுருட்டுக்குக் கோட்டு போட்டுவிட்டால் இதுதானே என்று நான் சொன்னதற்கு இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. கடைசியாக நடந்த மூன்று பண்டிகையிலும் பாய் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லித் தன் பங்கையும் இவரிடமே கொடுத்துவிட்டார். இவர் பேச்சுக்குக் கூட வேண்டாம் என்று சொல்லாமல் இரண்டையும் பிடித்தார்.

இந்த வருடம் மே மாதக் காற்றில் எஸ்டேட் பங்களாத் தோட்டத்தில் ஒரு காட்டுப்பூவரசு சாய்ந்தது. சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்குமே, அந்த மரம். விறகுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லோரும் கிளையைத் தூக்கிக்கொண்டு போக, இவர் வேர்க்கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு மாதம் அதை உலர்த்தி, அறுத்து, குடைந்து, தேய்த்து ஒரு பைப் செய்தார். நன்றாகத்தான் இருந்தது. இளஞ்சிவப்பாக, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், கோழிக்குஞ்சு மாதிரி. அதைப் பாய்க்கென்று துணியில் சுற்றி, தெரிந்த கண்டக்டர் கையில் வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்பினார். இவர் அதில் ஒரு இழுப்புக் கூட இழுத்துப் பார்க்கவில்லை. புதுப் பைப்பில் முதல் நெருப்பை உடையவர்தான் வைக்க வேண்டுமாம். சாஸ்திரத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பாயும் போனில், “ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நீ கேக்கக் கேக்கப் பத்த வைக்கிறேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இவருக்குப் பெருமை தாங்கவில்லை. பைப் பிடிக்கிறவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருக்கிறது. அதில் படத்தைப் போட்டு, இன்ன மரம் என்றும் எழுதினார். கைதட்டல் படமாக வந்து குவிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது இமாச்சல் பக்கத்து ஆள் ஒருவர் எழுதியிருந்தார்: எங்கள் மலையிலும் இந்த மரம் உண்டு, இதன் இலையைத் தின்றால் ஆடு செத்துப்போகும், நெஞ்சுத் துடிப்பு இறங்கிவிடும், யாரும் இதில் புகைக்க வேண்டாம்.

இவர் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“பாய்க்கு நெஞ்சுல கோளாறு, சசி” என்றார். எனக்கும் திக்கென்றது. பாய் அதற்கு முந்தின வருடம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தவர். வெறும் கேஸ் ட்ரபிள் என்று எங்களிடம் சொன்னார். கேஸ் ட்ரபிளுக்கு யார் கோயமுத்தூர் வரை போவார்கள்?

போன் போட்டால் போகவில்லை. மழை அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போய், டவரும் போய்விட்டது. நல்ல டூரிஸ்ட் நாள், ஆனாலும் கடையை இழுத்துச் சாத்தினேன். கூடலூரிலிருந்து வந்த ஊட்டி பஸ்ஸில் ஏறினோம்.

பைக்காராவுக்கு முன்னால் ரோட்டில் ஒரு கிளை விழுந்து கிடந்தது. அதை வெட்டி இழுக்கிறவரை வண்டிகள் வரிசையாக நின்றன. இவர் மழையில் இறங்கி ஓடி, தானும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஈரக் கையைத் துடைத்துப் போனை எடுத்தார். பைக்காரா தாண்டியதும் டவர் கிடைத்தது. பாய் நம்பரைப் போட்டால் அந்தப் பொம்பளைக் குரல், நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார் என்றது. மறுபடி போட்டார். மறுபடியும் அதையே சொன்னது.

“வச்சுத் தொலைங்க, எனக்கே என்னமோ மாதிரி இருக்குது” என்று கத்திவிட்டேன்.

“மணி நாலாகப்போவுது, புள்ள. அவரு சொன்னா சொன்ன நேரத்துக்குப் பத்த வச்சுருவாரு.” கொஞ்சம் கழித்து மெதுவாகக் கேட்டார்: “என் கையால செஞ்சு குடுத்து நானே அவரக் கொன்னுட்டனா?”

எத்தனையோ முறை அந்தப் பைப்பைத் தூக்கி அடுப்பில் போடுகிறேன் என்று மிரட்டியவள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை திட்ட மனசு வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் அப்படியெல்லாம் பிடிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

ஊட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்து பெர்ன்ஹில் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. பாய் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் சம்சாரம் அமீனா அக்கா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“வா சசி, என்ன இப்படி நனஞ்சு...” என்று அவர் முடிப்பதற்குள் இவர் செருப்புக்காலோடு உள்ளே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

கண்ணாடி ரூமில் ஷௌகத் பாய் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். உயிரோடு. மேஜை மேல் ஒரு தீப்பெட்டி இருந்தது. பைப் இல்லை.

“பாய், அந்தப் பைப் எங்கீங்க? பத்த வச்சீங்களா?”

“இசக்கி! நீ எப்படி இங்க...”

“பைப் எங்கீங்க பாய்?”

பாய் ஷோகேஸைப் பார்த்தார். உள்ளே, பேரன் ஜெயித்து வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில், ஒரு முட்டைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்திருந்தது எங்கள் கோழிக்குஞ்சு. இவர் கண்ணாடியைத் தள்ளி அதை எடுத்து, குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் கரி இல்லை, சாம்பல் இல்லை. மரத்தூள்தான் ஒட்டியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. என்ன ஏது என்று தெரியாமல் அக்கா எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஆடு, இலை, இமாச்சல்காரர் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். சொல்லி முடித்து, “நல்லவேளைங்க பாய், இன்னும் பத்த வைக்கல நீங்க” என்றேன்.

அமீனா அக்கா சிரித்தார். “எங்க பத்த வைக்கறது? இந்த ஊட்ல புகை வந்து ஒன்றரை வருசம் ஆச்சு.”

“அமீனா” என்றார் பாய்.

“நீங்க சும்மா இருங்க. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க, சசி. இனிமே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரும் அன்னிக்கே விட்டுட்டாரு. ஞாயித்துக்கிழமைக்குன்னு ஒரு தீப்பெட்டி மட்டும் வச்சுருக்காரு. ஒரு குச்சியக் கிழிச்சு, ஊதி அணச்சுப் போட்டு, போன் கிட்ட வாய வச்சு ‘பு, பு’ன்னு... இத நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?”

என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயைப் பார்த்தார். “அப்ப வாராவாரம் கொஞ்சம் ஈரம்னு சொன்னீங்களே, பாய்?”

“ஊட்டியில ஈரமில்லாம என்ன இசக்கி இருக்கும்?” என்றார் பாய், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிறகு பாயே சொன்னார்: “நான் விட்டுட்டேன்னு சொன்னா, எனக்காக நீயும் ஞாயித்துக்கிழமையை விட்டுருவே. அப்புறம் நாலு மணிக்கு எனக்கு யாரு போன் பண்ணுவா? கடைக்குப் போறவங்க, வர்றவங்க ஆயிரம் பேரு பேசறாங்க. சும்மா உக்காந்திருக்க உன்ன விட்டா எனக்கு ஆளில்லப்பா.”

இருபது வருடமாக எனக்குப் புரியாது என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அக்கா வர்க்கியும் டீயும் கொடுத்தார். கடைசி பஸ்ஸில் திரும்பினோம். “ஒன்றரை வருசம் ஏமாத்திட்டாரு புள்ள, அந்த மனுசன்” என்று இவர் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த மரம் நிஜமாகவே விஷமா என்று எங்களுக்கு இன்று வரை தெரியாது. குரூப்பில் ஒருவர் இலைதான் விஷம் என்கிறார், இன்னொருவர் மரமும்தான் என்கிறார். பைப் ஷோகேஸிலேயே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள்.

இனி அந்த நாலு மணிப் பேச்சு நின்றுவிடுமோ என்று அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு பயம். நின்றால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டிய நான் இப்படிப் பயந்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது. இவர் ஸ்டூலைப் போட்டார், தன் பழைய பைப்பில் புகையிலையை அடைத்தார், போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் கேரட்டைக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் நின்றேன்.

“சொல்லு இசக்கி” என்றது பாய் குரல். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. இவர் பைப்பை வாயில் வைத்தபடி காத்திருந்தார்.

“என்னப்பா, பத்த வைக்கலியா?” என்றார் பாய்.

“நீங்க குச்சியக் கிழிங்க பாய். அதக் கேட்டாத்தான எனக்கு ஆரம்பிக்கவே வருது.”

அந்தப் பக்கம் தீப்பெட்டியைத் தேடுகிற சத்தம் கேட்டது. குச்சி கிழிபட்டது. இவரும் தன் குச்சியைக் கிழித்தார்.

“எப்படி பாய், இன்னிக்கு?”

“கொஞ்சம் ஈரம், இசக்கி.”