சேசியில் மாமா அடைத்த ஓட்டை

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மற்ற ஆட்களின் ஜீப் எல்லாம் அடிப்பக்கம் வரைக்கும் கறுப்பாக மினுங்கிக்கொண்டு, உயர்ந்த டயர் போட்டு, கூரையில் வரிசையாக விளக்குப் பூட்டி ஓடுகின்றன. எங்களுடைய ஜீப்பின் அடியில் மட்டும் அப்பா ஏன் பெயின்ட் அடிக்க விடுகிறார் இல்லை? மகன், நீ போன கிழமை, "அதுதான் அப்பா உண்மையான ஜீப். எங்கட சும்மா பழசு" என்று சொன்னாய். அதற்கு மறுமொழிதான் இது. வாயால் சொல்லி முடிக்க என்னால் ஏலாது. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான், எழுதுவதும் சுலபமில்லை. ஆனாலும் எழுதும்போது இடையில் நிறுத்தி மூச்சு விடலாம்.

அந்த ஜீப்பை நான் முதன்முதலில் கண்டது புல்மோட்டைப் பக்கம், மீனவர்கள் தங்கும் ஒரு வாடியின் பின்னால். அதன் சொந்தக்காரர் அதைக் கரைவலை இழுக்கவும் வள்ளம் ஏற்றவும் வைத்திருந்தவர். பின் சில்லுகள் கடலுக்குள் இறங்கி நிற்க நிற்க, எத்தனையோ வருடம் உப்புத் தண்ணீர் குடித்த வாகனம். இயந்திரம் உடைந்து, இருக்கைகளுக்குள் நாய் குட்டி போட்டிருந்தது. எடுத்துக்கொண்டு வந்து பாலையூற்றில் எங்கள் வளவில் இறக்கிய அன்று, அம்மாவின் அண்ணன், அதாவது உங்கள் மாமா, அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"மச்சான், இது ஜீப்போ, இல்லாட்டி நாலு சில்லு வைச்ச வள்ளமோ?"

"வள்ளம் எண்டா உனக்குத்தானே வேலை. நீயே திருத்து" என்றேன்.

மாமா கரையில் பைபர் வள்ளம் திருத்துகிறவர். கல்லில் மோதிக் கிழிந்த வள்ளத்தில் பைபர் துணியை வைத்து, பசையைப் பூசி, காய்ந்ததும் தேய்த்து விடுவார். கிழிந்த இடம் எது என்று வள்ளக்காரருக்கே பிறகு தெரியாது. நான் துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவன். இரண்டு பேருமாகச் சேர்ந்து, வேலை இல்லாத நாட்களில், அந்த ஜீப்பை உயிர்ப்பித்தோம். பழைய வான் வண்டி ஒன்றின் இயந்திரத்தைத் தூக்கி வைத்தோம். "இயந்திரம் மாறினால் அது ஒரிஜினல் இல்லை" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் கவலை இருக்கவில்லை. இயந்திரம் போனால் வேறு வைக்கலாம். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அதற்கென்று நிற்கும் இரண்டாவது கியர்த்தடி, அச்சுகள், எல்லாவற்றையும் சுமக்கிற சேசி, இவை தன்னுடையவையாக இருந்தால் அது அதே வாகனம்தான் என்பது என் எண்ணம். சேசி என்றால் நீங்கள் பார்த்திருப்பீர்கள், அடியில் நீளத்துக்கு ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள். லொறியானாலும் ஜீப்பானாலும் அதுதான் முதுகெலும்பு.

முன்பக்கச் சேசியை நானே சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு மணி மாதிரிக் கேட்கும், கறள் தின்று துருப்பிடித்த இரும்பு மண்சட்டி மாதிரிக் கேட்கும். பின்பக்கத்துக்கு நான் வருவதற்கிடையில் துறைமுகத்துக்குக் கப்பல் வந்து, வேலை கூடிவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது மாமா பின்பக்க வேலையை முடித்து, வழுவழுப்பாகத் தார் பூசி வைத்திருந்தார். "வெல்டிங்காரனும் வந்தவன். எல்லாம் சரி மச்சான்" என்றார். வெல்டிங்காரன் வந்தது உண்மை. தரைத் தகட்டை அவன்தான் ஒட்டினான்.

மாரி முடிகிற நேரம் ஒரு சனிக்கிழமை, நாங்கள் நாலு பேரும் மாமாவுமாகத் திரியாயில் பெரியம்மா வீட்டு வயலுக்குப் போனோம். உங்களுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும், ஆனால் வேறு மாதிரி. காட்டுப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போகும்போது பின் இருக்கையான வாங்கில் இருந்தபடி நீங்கள் இருவரும் பாட்டுப் பாடினீர்கள். வழியில் குறுக்கிடும் ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். சேற்றுக் குழியில் ஒரு சில்லு அந்தரத்தில் தொங்க, மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மாமா கை தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேற்கே இருட்டி மழை கொட்டியது. அது விட்ட பிறகு பின்னேரம் வெளிக்கிட்டோம். ஓடைக்குக் கொஞ்சம் முன்னால், மகள், நீதான் சொன்னாய்.

"அப்பா, மாமாட கதவு வாய் திறந்துகொண்டு கிடக்கு."

மாமா இழுத்துச் சாத்தினார். பொருந்தவில்லை. இன்னும் பலமாகச் சாத்தினார். கொளுக்கி அதன் துவாரத்துக்கு மேலே போய் இடித்தது.

"மழையில ஊதிப் போச்சு போல" என்றார்.

"தகரம் ஊதுமோ மச்சான்?"

அப்போதே ஜீப்பை நிறுத்திவிட்டேன். காலையில் ஒரு விரலால் சாத்திய கதவு பின்னேரம் பொருந்தவில்லை என்றால், கதவு மாறவில்லை; அதைச் சுற்றியிருக்கிற உடம்புதான் வளைந்திருக்கிறது. நான் இறங்கிச் சேற்றில் படுத்து அடியில் தலையை விட்டேன். இடப்பக்கச் சட்டத்தில், பின்சில்லுக்குச் சற்று முன்னால், தார் வெடித்திருந்தது. வெடிப்புக்குள்ளே வெள்ளை நூல்கள் பிரிந்து தொங்கின. விரலால் தொட்டேன். இரும்பு இல்லை.

"இஞ்ச வா" என்றேன். மாமாவும் பக்கத்தில் வந்து படுத்தார். "இது என்ன?"

"பைபர்."

"சேசிக்குப் பைபரோ?"

"ஓட்டை கிடந்தது, அடைச்சனான். கடல் அடிக்கிற அடிக்கே அது நிக்குதே. இதுக்கு என்ன வரப்போகுது எண்டு நினைச்சன்."

"வள்ளம் மிதக்கிற சாமான் மச்சான். இது எங்கள எல்லாரையும் தூக்கிக்கொண்டு நிக்கோணும்."

எங்கள் தலைக்கு மேலே, அந்தத் தகரத்தின் மேல், நீங்கள் காலை ஆட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. முதல் வேலையாக உங்களையும் அம்மாவையும் இறக்கினேன்.

அந்த நேரம்தான் வயல் பக்கமிருந்து ஒரு பெரியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இதில நிக்காதேங்கோ தம்பி. குளம் நிரம்பி வழிஞ்சு வான் பாயத் தொடங்கிட்டுது. அந்தத் தண்ணி முழுக்க இந்த ஓடைக்குத்தான் வரும்."

"வந்த பாதையால திரும்பிப் போகலாமோ ஐயா?"

"வான் பாயிறது அந்தப் பாதைக்குக் குறுக்காலதானே. இனி ஏலாது."

"உழவு மெசின் ஏதும் கிடைக்குமோ?"

"எல்லாம் அங்காலக் கரையில. உங்களுக்கென்ன, ஜீப் வைச்சிருக்கிறியள். நானெல்லோ சைக்கிளைச் சுமக்கோணும்." போகிற போக்கில், "அங்கால பத்தைக்குள்ள யானை வாற நேரம். பிள்ளையளோட சுணங்காதேங்கோ" என்றும் சொன்னார்.

அவர் சைக்கிளைத் தோளில் வைத்து ஓடையில் இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியது. நடுவில் ஒரு தரம் தடுமாறி, நின்று, பிறகு நடந்தார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே என் சட்டையைப் பிடித்தா.

"இஞ்சாருங்கோ, ஜீப் கிடக்கட்டும். பிள்ளையளத் தூக்கிக்கொண்டு நடப்பம்."

"மெயின் றோட்டுக்கு இன்னும் கனதூரம். இவ்வளவு பத்தைக்குள்ளால இதுகளை நடத்த ஏலாது. யானை நிண்டா என்ன செய்யிறது?"

"அப்ப அதுக்குள்ளயே இருந்து போவமோ?"

ஓடையின் நடுவில் அந்தச் சட்டம் முறிந்தால் பின்பகுதி தண்ணீருக்குள் இருந்துவிடும். பின்வாங்கில் இருப்பது நீங்கள். நடந்தால் தண்ணீர், தண்ணீரைத் தாண்டினால் யானை. நான் இவ்வளவு காலமும் லொறி ஓட்டியிருக்கிறேன், பாரம் சரிந்து பார்த்திருக்கிறேன், பிரேக் போயும் பார்த்திருக்கிறேன். அந்தப் பயங்கள் எல்லாம் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். இது முடியவில்லை. நின்று யோசிக்க யோசிக்க வளர்ந்தது.

மாமாதான் முதலில் அசைந்தார். கத்தியை எடுத்துக்கொண்டு போய் வீரை மரத்தில் தடி இரண்டு வெட்டி வந்தார். நான் பலகை ஒன்றின் மேல் வாகனம் உயர்த்தும் ஜக்கை வைத்து அந்தச் சட்டத்தை மெல்ல உயர்த்தினேன். வெடிப்பு வாய் மூடியது. சட்டத்தின் இரண்டு பக்கமும் தடிகளைக் கொடுத்து, ஜீப்பில் கிடந்த வள்ளக் கயிற்றால் நெருங்க நெருங்கச் சுற்றி, கயிற்றுக்குள் ஸ்பானரைச் செருகி முறுக்கினார் மாமா. முறிந்த காலுக்கு மட்டை வைத்துக் கட்டுவது போலத்தான். அவர் முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

மிச்சக் கயிற்றோடு ஓடையைக் கடந்து, அக்கரையில் ஒரு மருத மரத்தில் கட்டிவிட்டு வந்தார். மகன், உன்னை அவர் தோளில் ஏற்றினார். மகளை நான் முதுகில் சுமந்தேன். அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் செபமாலை சொல்லியபடி எங்களுக்கிடையில் வந்தா. தண்ணீர் காலுக்கடியில் இருந்த மணலை இழுத்துக்கொண்டே போனது. நீ, "குதிரை ஓடு மாமா, ஓடு" என்று அவருடைய காதைப் பிடித்து இழுத்தாய். அன்று முழுக்கப் பகிடி விட்டுக்கொண்டு வந்த மனுசன் அதற்குச் சிரிக்காமல், உன் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

உங்களை அக்கரையில் நிறுத்திவிட்டு நான் தனியத் திரும்பி வந்தேன். ஜீப்பில் ஏறி, இரண்டாவது கியர்த்தடியை ஆகக் குறைந்த வேகத்துக்கு இழுத்தேன். நாலு சில்லும் ஆமை மாதிரி ஊர்ந்தன. சாத்தாத கதவால் தண்ணீர் உள்ளே வந்து என் காலை மூடியது. நடுவில் முன்சில்லு ஒரு கிடங்குப் பள்ளத்தில் விழுந்தது. பின்னால் ஒரு முறிவுச் சத்தம். இருக்கை எனக்கடியில் ஒரு பக்கம் சரிந்தது. கால் தன்பாட்டில் வேகத்தைக் கூட்டப் பார்த்தது. கூட்டினால் சில்லு சுழன்று மணலைத் தோண்டும், பிறகு அங்கேயே கிடக்க வேண்டியதுதான். நான் காலை அசைக்காமல் வைத்திருந்தேன். அக்கரையில் நீங்கள் இருவரும் அம்மாவும் மாமாவும் வரிசையாக நிற்பது தெரிந்தது. சில்லுகள் நின்றுவிட்டன என்றுதான் நினைத்தேன். பிறகு மருத மரம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பெரிதாக.

கரை ஏறியதும் உங்களை முன்னிருக்கையில் அம்மாவின் மடியிலும் பக்கத்திலுமாக நெருக்கி வைத்தேன். ஒரு தடி பிளந்திருந்தது, கயிறு பிடித்திருந்தது. மாமா ஏறவில்லை. மெயின் றோட்டு வரைக்கும் குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வந்தார். பத்தைக்குள் எங்கோ ஒரு கொப்பு முறியும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தவும் இல்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. "மாமா கிழவன் மாதிரி வாறார்" என்று நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். அங்கிருந்து உங்களைப் பஸ்ஸில் அனுப்பினேன். ஜீப் அடுத்த நாள் லொறியில் வந்தது.

பிறகு நானும் மாமாவும் அதன் அடியில் கிடந்து தாரை முழுக்கச் சுரண்டினோம். வழுவழுப்பான தாருக்குள்ளே பைபர், பைபருக்குள்ளே பிஸ்கற் மாதிரி உதிரும் இரும்பு.

"நீ என்னை ஏசவே இல்லை" என்றார் மாமா.

"ஏசினா இரும்பு வளருமோ?"

கொஞ்ச நேரம் சுரண்டிக்கொண்டிருந்தார். "அண்டைக்குக் காலமையும் பிள்ளையள் இதுக்கு மேலதானே இருந்ததுகள்" என்றார். "பாட்டெல்லோ படிச்சுதுகள்."

உக்கின பகுதியை வெட்டி எறிந்து, தடித்த புதிய இரும்பை உள்ளுக்கும் வெளிக்கும் வைத்து ஒட்டுவித்தோம். அதற்கு மேல் தாரும் இல்லை, பெயின்டும் இல்லை. எண்ணெய் மட்டும் பூசினேன். கிழமைக்கொரு தரம் படுத்துப் பார்த்து, கறள் கண்டால் தேய்த்து, திரும்பவும் எண்ணெய் பூசுகிறேன். மகன், உயர்ந்த டயரை யாரும் பூட்டலாம். விளக்குகளை யாரும் வாங்கலாம். ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கும்போது உங்களுடைய பாரத்தைச் சுமப்பது எது என்று, எந்த நேரமும் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஜீப் உண்மையானதோ இல்லையோ என்று நான் பார்ப்பது அந்த இடத்தில்தான்.

வேலை முடிந்த கிழமை, ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா உங்களைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தா. பக்கத்து வளவில் வீடு கட்டக் குவித்திருந்த மணலைக் கேட்டு, மூடைகளில் அள்ளினேன். அம்மா இருக்கும் இடத்தில் பெரிய மூடையை வைத்தேன். பின்வாங்கில் மகளின் இடத்தில் ஒன்று, மகனின் இடத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் தூக்கும்போது உங்களைத் தூக்கும் பாரத்தைக் கை நினைத்துப் பார்த்துக் கூட்டிக் குறைத்தது. கல் உடைக்கும் இடத்துக்குப் போகும் பழைய பாதையில் அவற்றை ஏற்றிக்கொண்டு போய், ஆக மோசமான கிடங்கில் ஒரு பின்சில்லைத் தொங்கவிட்டு நிறுத்தினேன். இறங்கி அடியில் படுத்து, ஒட்டின இடத்தைக் கையால் தடவினேன். அசையவில்லை. மறுபடியும் தடவினேன்.

எழும்பி வந்து பின்னால் பார்த்தபோது, மகன், உன் இடத்திலிருந்த மூடை குலுக்கத்தில் சரிந்து கீழே கிடந்தது. அதைத் தூக்கி வாங்கில் நிமிர்த்தி வைத்து, கயிற்றால் சுற்றிக் கட்டினேன்.