கையெழுத்துக்கு வந்தவர்கள்

பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து பஜாருக்குப் போகிற வழியில் என் புத்தகக் கடை இருக்கிறது. புத்தகக் கடை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். ஊரில் கேட்டால் நோட்டுக் கடை என்பார்கள். பத்தாம் வகுப்பு கைடும் கிராஃப் தாளும்தான் கடையை நடத்துகின்றன. கதை, கவிதைக்கென்று உள்ளே தள்ளி இரண்டு அலமாரி. அந்த இரண்டு அலமாரிக்காகத்தான் கடையே வைத்தேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஒருமுறை சென்னையில் ஓர் எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்க வெகு நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அவர் நிமிராமலே "பேரு?" என்றார். சொன்னேன். எழுதினார், புத்தகத்தைத் தள்ளினார். பெயரில் ஓர் எழுத்து வேறு தப்பு. ரேஷன் கடையில்கூட முகத்தைப் பார்த்துத்தான் சர்க்கரை போடுகிறார்கள் என்று முனகிக்கொண்டே ரயில் ஏறினேன். என் கடைக்கு ஓர் எழுத்தாளரைக் கூப்பிட வேண்டும், வருகிறவர்களை உட்காரவைத்து, முகம் பார்த்துப் பேசி அனுப்ப வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

வாய்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேப்பம்பட்டில் குடியிருக்கும் ஓர் எழுத்தாளர் அம்மா, அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதுகிறவர், வருவதாக ஒப்புக்கொண்டார். நான் கடை வாசலில் பெரிதாக பேனர் கட்டினேன்: "எழுத்தாளர் வருகிறார்! நேரில் வந்து கையெழுத்துப் பெறுங்கள்!" வாடகைக்கு இருபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடம் மோர், டீக்கடையில் சொல்லிவைத்த சமோசா. மேசைக்கு என் கல்யாணப் பட்டுப்புடவை ஒன்றை விரித்தேன்.

பதினொரு மணிக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அதில் மூன்று பேர் கைடு வாங்க வந்தவர்கள். நான் விடவில்லை, மோரைக் கையில் கொடுத்து உட்காரவைத்துவிட்டேன். முதல் ஆளாக வந்திருந்தவர் கும்மிடிப்பூண்டி இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இளைஞர். யூனிஃபார்மோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்திருந்தார். கையில் அந்த அம்மாவின் பழைய நாவல், அட்டை கிழிந்து செலோடேப் ஒட்டியது. "ரெண்டு மணிக்கு ஷிஃப்டு அக்கா. அதுக்குள்ள முடிஞ்சிருமில்ல?" என்று கேட்டார். "அரை மணியில முடிச்சிடலாம் தம்பி" என்று வாக்குக் கொடுத்தேன்.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறுவதற்குள் ஒரு ரயிலைத் தவறவிட்டு, எழுத்தாளர் பதினொன்றே முக்காலுக்கு வியர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்திருப்பார், பழவேற்காடு பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஓர் அம்மா, காலி மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு, நேராக மேசைக்கு வந்தார்.

"நீதான் எயுதற அம்மாவா? எங்க ஊருக்குக் காலைல வந்துகினு இருந்த பஸ்ஸு நின்னுபூட்ச்சு. ஒரு மனு எயுதிக் குடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர் என்று நினைத்துவிட்டார். "அம்மா, இவங்க கதை எழுதறவங்க..." என்று நான் குறுக்கே போனேன்.

எழுத்தாளர் என்னைக் கையமர்த்தினார். "பதினெட்டு வருஷமா மனு வாங்கற பக்கம் உக்காந்திருக்கேன். எழுதற பக்கம் இன்னிக்காவது உக்காரலாமே. ஒரு வெள்ளைத் தாள் குடுங்க" என்றார். அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டேன். வந்தாயிற்று, அவரும் என் விருந்தாளிதான்.

எழுத்தாளர் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். "பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்ற இடத்தில் அந்த அம்மா நிறுத்தினார்.

"இன்னா பணிவு? பணிஞ்சு பணிஞ்சுதான் இத்தினி நாளா கேட்டுகினு கீறோம். கொஞ்சம் கோவமா எயுதும்மா."

"கோவத்த ரெண்டாவது பாராவுல வெச்சுக்கலாம்கா. மொதல் பாராவ அவங்க நல்லா படிப்பாங்க, அதுல கோவம் இருந்தா ரெண்டாவதுக்கு வர மாட்டாங்க."

கடையே சிரித்தது. கைடு வாங்க வந்த ஓர் அப்பா, "பள்ளிக்கூடப் பசங்க நடந்து வர்றதயும் சேருங்க" என்றார். இன்னொருவர் மனு போக வேண்டிய முகவரியைச் சொன்னார். கடைசியில் எழுத்தாளர் தாளைத் திருப்பிவைத்து, "இங்க கையெழுத்துப் போடுங்கக்கா" என்றார்.

"நானா? நீதான கையெயுத்துப் போடுறன்னு வெளிய எயுதி மாட்டிக்கீறாங்க!"

பிறகு அவரே பேனாவை வாங்கி, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். என் கடையின் முதல் கையெழுத்து நிகழ்ச்சியில் விழுந்த முதல் கையெழுத்து அதுதான். எல்லாரும் கைதட்டினோம்.

தட்டி முடித்துத் திரும்பினால், அந்தத் தொழிற்சாலை இளைஞரின் நாற்காலி காலி. மோர் குடித்த டம்ளரைக் கழுவி ஓரமாகக் கவிழ்த்துவைத்திருந்தார். ஷிஃப்டுக்கு நேரமாகியிருக்கும், குறுக்கே பேசக் கூச்சப்பட்டு, சொல்லாமலே எழுந்து போயிருக்கிறார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. சென்னையில் எனக்குப் பெயராவது தப்பாக எழுதிக் கொடுத்தார்கள். இவருக்கு நான் அதுகூடச் செய்யவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் எழுத்தாளர், "எந்தப் பக்கம் வண்டி?" என்று எழுந்தார். பேனாவோடு அவர் முன்னால் ஓட, நான் பின்னால். கடையை உட்கார்ந்திருந்தவர்களிடமே ஒப்படைத்தோம். "சமோசா வந்தா வாங்கி வைக்கிறோம், போங்க!" என்று ஒரு குரல் வழியனுப்பியது.

ஸ்டேஷனில், பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இளைஞர் அந்த நாவலைத்தான் படித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எதிரில் நின்ற எங்களைப் பார்த்துப் பதறி எழுந்தார். "ஐயோ மேடம், இன்னொரு நாள் வாங்கியிருப்பேனே!"

"இந்தப் புத்தகம் இப்ப கடைங்கள்ல கெடைக்கறதே இல்லையே. உங்களுக்கு எப்படி?" என்று எழுத்தாளர் கேட்டார்.

"ரூம்ல எனக்கு முன்னாடி இருந்தவரு விட்டுட்டுப் போனாரு மேடம். இதுல வர்ற அக்கா எங்க அக்கா மாதிரியே திட்டும். ஊர் நெனப்பு வந்தா எடுத்துப் படிப்பேன்."

கும்மிடிப்பூண்டி வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. எழுத்தாளர் பெஞ்சில் புத்தகத்தை வைத்து, குனிந்து, அவர் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினார். கீழே "உங்கள் இன்னொரு அக்கா" என்று போட்டுக் கையெழுத்திட்டார். அவசரத்தில் கடைசிக் கோடு பக்கத்தைத் தாண்டி புத்தகத்தைப் பிடித்திருந்த இளைஞரின் கட்டைவிரல் வரைக்கும் ஓடியது. வண்டி நகர்ந்த பிறகு அவர் கதவோரம் நின்று கத்தினார்: "நாலு தடவ படிச்சிட்டேன் மேடம்!"

எழுத்தாளர் மூடியில்லாத பேனாவைக் கையில் பிடித்தபடியே திரும்பி நடந்தார். கடை வாசலுக்கு வந்ததும், "இதுக்காகவே பேசின் பிரிட்ஜ்ல இன்னும் நாலு வண்டிய விடலாம்" என்றார்.

பஸ் வந்ததா என்று கேட்பீர்கள். பள்ளிக்கூட நேரத்துக்கு ஒன்று விட்டிருக்கிறார்கள். மீன் கொண்டுவருகிற நேரத்துக்கு இன்னும் இல்லை. அதற்கு இரண்டாவது மனு போயிருக்கிறது. முதல் பாராவிலேயே கோபத்தோடு.

அதன் பிறகு நான்கு எழுத்தாளர்கள் வந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன், "உங்களுக்கு எத்தனை மணி வண்டி?" சீக்கிரம் போக வேண்டியவருக்கு முதல் கையெழுத்து. போன தடவை பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் வந்தார். "எனக்கு வண்டியெல்லாம் இல்ல. ஆனா அடுப்புல பால வெச்சிட்டு வந்துட்டேன்" என்றார். வரிசை மொத்தமும் விலகி வழிவிட்டது.