குடோன் தரையில் போட்ட கட்டங்கள்

என் கணவர் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து கடை வைத்த பிறகு, இரண்டு தேதிகள் மேல் எனக்குக் கண் இருந்துகொண்டே இருந்தது. ஒன்று, கடையிலிருந்த பிஸ்கட், மாவு, ஜாம் பாட்டில்கள் மேல் அச்சடித்த காலாவதித் தேதி. அது நெருங்கினால் எனக்குப் பயம். மற்றது, பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் கிடந்த அவருடைய பாஸ்போர்ட்டின் தேதி. அது எப்போது முடியும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான புதிதிலேயே விமானம் ஏறியவர் அவர். லீவில் வந்துபோகும் ஆளாகவே பிள்ளைகள் அவரை அறிந்திருந்தார்கள். இனிமேல் போகப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கிய அன்று, சின்னவள் "அத்தா, எப்ப போவீங்க?" என்று கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த அத்தா அப்படித்தான்.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் சிற்றூரில், சாமான்களை வாங்குகிறவர்களே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளும் கடையை முதலில் திறந்தவர் அவர்தான். ஆரம்பத்தில் ஜனங்கள் அலமாரியைத் தொடவே கூச்சப்பட்டார்கள். அவருக்கோ பெருமை பிடிபடவில்லை. கடையின் பேர், போன் நம்பர், ஒரு பேரீச்சமரம் எல்லாம் பச்சை மையில் அச்சடித்து கேரி பேக் தருவித்தார். ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் ஒரு பை. "நம்ம பேரு ஊரெல்லாம் போகணும்" என்பார். கூடவே, "ஓடலைன்னா திரும்பப் போயிட வேண்டியதுதான்" என்றும் சாதாரணமாகச் சொல்வார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்காது.

அப்படி இருக்கும்போதுதான் குப்பை வந்து நின்றது. ஊர்க் குப்பை கொட்டுகிற மேட்டுக்குப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள், இனிமேல் இங்கே கொட்டக்கூடாது என்று ஒருநாள் லாரியை மறித்துவிட்டார்கள். அந்த வாரமே பேரூராட்சி ஆபீசிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். "பெரிய கடைங்களுக்கு இனிமே வண்டி வராதுங்க. குப்பைய எப்படிக் குறைக்கப் போறீங்க, மிச்சத்த எங்க அனுப்பப் போறீங்கன்னு நீங்கதான் ஒரு திட்டம் சொல்லணும். இல்லாட்டி லைசென்ஸ் புதுப்பிக்கிறது கஷ்டம்" என்றார். அவர் லைசென்ஸைப் பற்றித்தான் பேசினார். என் மனம் நேராகப் பாஸ்போர்ட்டுக்குப் போய்விட்டது. கடையை மூடினால் இவர் போய்விடுவார். எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

இவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பயந்தால் எனக்குக் கை கால் சும்மா இருக்காது. ஒரு வாரம் எதையும் வெளியே கொட்டக்கூடாது என்று சொல்லி, எல்லாவற்றையும் குடோனில் கொட்டச் செய்தேன். சாக்பீஸால் தரையில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு பிரித்துப் போட்டேன். அட்டைப்பெட்டிக்கு ஒரு கட்டம். அழுகிய காய்க்கு ஒன்று. எலி கடித்த பருப்பு, உடைந்த முட்டை, சாக்கு, தேதி முடிந்த பாக்கெட் என்று வரிசையாகப் போனது. தேதி முடிந்த கட்டத்தில் இவர் ஆசைப்பட்டு வாங்கி அடுக்கிய ஆலிவ் காய் பாட்டில்கள்தான் பாதிக்கு மேல்.

"இத யாரு திம்பான்னு வாங்குனீங்க?"

"அங்க எல்லாரும் சாப்பிடுவாங்க."

"அங்க உள்ளவங்க இங்க வந்து வாங்குவாங்களா?"

அவர் ஒரு பாட்டிலைத் திருப்பித் தேதியைப் பார்த்துவிட்டுக் கட்டத்திலேயே வைத்தார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அட்டையைப் பழைய பேப்பர்க் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். காய் ஆட்டுக்காரப் பெண்ணிடம் போயிற்று. தேதி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே சொன்னால் கம்பெனிக்காரர்கள் மாற்றித் தருவார்கள் என்று விசாரித்து அறிந்துகொண்டு, பழைய சரக்கை முன்னாலும் புதுச் சரக்கைப் பின்னாலும் அடுக்க ஆரம்பித்தோம். போகாத சரக்கை வாங்குவதையே நிறுத்தினோம். கட்டங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

கடைசிக் கட்டம் மட்டும் அப்படியே கிடந்தது. பெட்டி கட்டிவரும் நாடா, சுற்றிவரும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல், மை சரியாக ஏறாத பேரீச்சமரப் பைகள், வாங்கியவர்கள் கடை வாசலிலேயே உதறிவிட்டுப் போன பைகள். பேப்பர்க் கடைக்காரர் அதைக் காலால் தள்ளிவிட்டார். ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

ஆபீஸ்காரர் கேட்டபோது மற்றதையெல்லாம் நான் விளக்கிச் சொன்னேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் இவர் முந்திக்கொண்டு, "அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சுங்க" என்றார். சின்ன லோடு வண்டி வைத்திருந்த ஒருவர்தான் அந்த ஏற்பாடு என்று பிறகு தெரிந்தது.

"எங்க கொட்டுறாராம்?" என்று கேட்டேன்.

"ஊருக்கு வெளியேன்னாரு."

"ஊருக்கு வெளியேன்னா எங்க?"

"கொட்டுற எடத்துல. உனக்கு எதுலயும் சந்தேகம்தான்."

சந்தேகம்தான். வண்டி குடோனுக்கு வந்துபோகும்போதெல்லாம் எனக்கு உள்ளே குடைந்தது. ஆனால் மறுபடி கேட்டால் அவருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் 'திரும்பப் போறேன்' என்பார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கோடையில் எங்கள் பக்கத்து வாய்க்கால்களில் ஆடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பள்ளம். மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்று செய்தி வந்த பிறகுதான் அது மறுபடி வாய்க்கால் ஆகும். கடைமடை விவசாயிகள் வாய்க்காலோடு எதிர்நடையாக மேலே நடந்து, தடங்கலை எடுத்துப் போட்டுக்கொண்டே தண்ணீரை எதிர்கொள்ளப் போவார்கள். அந்த வருஷமும் போனார்கள்.

மறுநாள் காலை கடை வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து மனைவியோடு எங்களிடம் சாமான் வாங்க வரும் விவசாயிதான் இறங்கினார். அவருக்கு நிலம் வாய்க்காலின் கடைக்கோடியில். பின்னால் இன்னும் நாலைந்து பேர். அவர் ஒரு சாக்கை எடுத்து வாசற்படியில் கவிழ்த்தார். சேறும் நாற்றமுமாகப் பைகள் சரிந்தன. எல்லாவற்றிலும் பேரீச்சமரம்.

"பாய், இது உங்க பையான்னு பாருங்க."

இவர் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பையை விரித்தார்.

"மதகு வாயில அடைச்சுக் கெடக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, வண்டி வண்டியா. தண்ணி வந்து நிக்கிது, எங்க பக்கம் எறங்க மாட்டேங்குது. வெதநெல்ல ஊறவச்சு மொளகட்டி வச்சிருக்கோம். இன்னைக்கி நாத்தங்கால்ல தெளிக்கலன்னா அத்தனையும் வீணு." பையில் இருந்த நம்பரைக் காட்டி, "வேற யாராச்சுமா இருந்தா தேடிக்கிட்டுத் திரிஞ்சிருப்போம். நீங்க போன் நம்பரே போட்டிருக்கீங்க. அதான் நேரா வந்துட்டோம்" என்றார்.

கூட்டத்தில் ஒரு குரல், "கடைய இழுத்து மூடச் சொல்லுங்க" என்றது. இவர் எழுந்து போய்த் தானே ஷட்டரைப் பாதி இறக்கினார். முடிந்தது என்று நினைத்தேன். அவரோ வளைகுடாவிலிருந்து வாங்கிவந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நானும் வரேங்க" என்று மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

அன்று பகல் எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது. அடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. மதகடியில் பாம்பு கிடக்குமே என்று தோன்றியது. பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து குனிந்து ரோட்டைப் பார்த்தேன். மேஜையில் விட்டுப்போன அவர் செல்போன் அடித்தது. வளைகுடாவில் அவரோடு வேலை பார்த்தவர் அங்கிருந்து பேசினார். "கம்பெனியில பழைய ஆளுங்களத் திரும்ப எடுக்கிறாங்க. பாஸ்போர்ட் தேதி இருக்கான்னு கேளுங்க. மச்சான் எங்க?"

"அவர் தண்ணியில நிக்கிறாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் நடந்தே வந்தார். தொடை வரைக்கும் சேறு, முழங்கையில் கீறல். வாசலில் நின்றபடி, "போயிடுச்சு" என்றார்.

"என்ன போயிடுச்சு?" என்று அலறிவிட்டேன்.

"தண்ணி. கடைசி வயல் வரைக்கும் போயிடுச்சு. அதுகூடவே நடந்து போய்ப் பாத்துட்டு வந்தேன். வெத தெளிச்சிட்டாங்க." பிறகு என்னைப் பார்க்காமல், "அவங்க வீட்டுலதான் டீ குடுத்தாங்க" என்றார்.

போன் வந்ததைச் சொன்னேன். மறைக்க முடியவில்லை. கேட்டுக்கொண்டு குளிக்கப் போனார். பதில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

ஆனால் மறுநாள் காலை, பிரிக்காத புதுப் பைக் கட்டுகளையெல்லாம் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கடைசிக் கட்டத்தில் போட்டார். பை கொண்டுவாருங்கள் என்று வாசலில் எழுதி மாட்டினார். வியாபாரம் படுத்தது. எதிர்க்கடையில் பை கொடுக்கிறார்கள் என்று எங்களிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த விவசாயி மட்டும் கழுவி உலர்த்திய உரச்சாக்கோடு வந்து, மாதச் சாமானை அதில் கட்டிக்கொண்டு போனார். ஆபீஸ்காரர் மறுபடி வந்தபோது இவர் அவரைக் கடைசிக் கட்டத்துக்கே அழைத்துப் போய், "இதுக்கு மட்டும் வழி தெரியலைங்க. உள்ள வர்றதக் குறைச்சுக்கிட்டு வர்றோம். இப்ப எங்கயும் கொட்டல, இங்கதான் கெடக்கு" என்றார். லைசென்ஸ் கிடைத்தது. மெல்ல மெல்ல ஆட்களும் திரும்பினார்கள். நான் மட்டும் பீரோவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தேதியும் ஒருநாள் தாண்டியது. புதுப்பிக்க வேண்டும் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துவது என் கடமையா, வாயை மூடிக்கொள்வது புத்திசாலித்தனமா என்று இரண்டு நாள் அல்லாடினேன். கடைசியில் தாங்க முடியாமல் அதை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். அவர் குந்தி உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் நீட்டினேன்.

வாங்கி, முத்திரை குத்திய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். தேதியைப் பார்த்தார். ஆச்சரியமே இல்லை அவர் முகத்தில். மூடிவிட்டுத் தரையில் நான் கிழித்த கட்டங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தேதி முடிஞ்சு போச்சு. இத எந்தக் கட்டத்துல போடுறது?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அட்டைக் கட்டத்தைக் கை காட்டினேன். அவர் நிஜமாகவே குனிந்தார். சட்டென்று அதைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.