ஈஸ்டுக்குச் சுகர் பார்த்தேன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அதற்கு முந்தின சாயங்காலம் கல்லூரி லேபில் நானும் என் ப்ராஜெக்ட் தோழியும் இரண்டு குடுவைகளில் ஈஸ்டைப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். ஒன்றில் தாராளமாகச் சர்க்கரை. இன்னொன்றில் சர்க்கரையே கிடையாது, பேருக்குக் கொஞ்சம் கிளிசரின். ஈஸ்டுக்குள் ஒரு ஜீன் இருக்கிறது. சர்க்கரை இருக்கும்வரை செல் அதைப் பூட்டியே வைத்திருக்கும், தீர்ந்துபோனால்தான் திறக்கும். பட்டினிக் குடுவையில் மட்டும் அது திறந்திருப்பதை நாங்கள் காட்ட வேண்டும். எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டே அதுதான்.

விடுமுறை முடிந்து வந்து, செல்லை உடைத்து, ஆர்.என்.ஏ. பிரித்து, கடைசியில் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தோம். ஜீன் திறந்திருந்தால் ஒரு கோடு ஒளிரும். இரண்டு குடுவைக்குமே ஒளிர்ந்தது.

"ஏட்டி, ஒரே டிப்ப வச்சு ரெண்டுலயும் தொட்டுட்ட. ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டு," என்றாள் தோழி. ராஜபாளையத்துக்காரி, வீட்டில் தெலுங்கு. மிச்சத் திட்டு அதில் போனது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒவ்வொரு ட்யூபுக்கும் பைப்பெட் முனையில் மாட்டும் டிப்பை மாற்றியது எனக்குத் தெரியும், ஆனால் பார்த்த சாட்சி இல்லையே. கைடு மேடம் அவள் சொன்னதைத்தான் நம்பினார். "இனிமே பெஞ்ச் வேலைய அவ பாக்கட்டும். நீ ரிப்போர்ட் எழுது."

பைப்பெட்டைத் தொடாமல் நான் எதற்கு இந்தப் படிப்புக்கு வந்தேன்? அழுகையை அடக்கிக்கொண்டு ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த சர்க்கரைக் குடுவையை எடுத்துத் திறந்தேன். குப்பென்று கள் வாடை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் சாராயம் வரும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எவ்வளவு தின்றிருக்கும்? மிச்சம் ஏதாவது வைத்திருக்குமா? அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவின் சுகர் மிஷினைப் பைக்குள் வைத்தேன். மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர், கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

"யாருக்குட்டி சுகர்?"

"ஈஸ்டுக்குப்பா."

"அதுக்குமா!" என்றார்.

லேபில் ஈஸ்ட் போடாத புதுச் சர்க்கரைக் கரைசலில் ஒரு சொட்டு வைத்தேன். மிஷின் தாங்காமல் 'ஹை' என்றது. எங்கள் சர்க்கரைக் குடுவையில் ஒரு சொட்டு. 'லோ'. இன்னொரு ஸ்ட்ரிப். அதுவும் 'லோ'. எங்களூர் தேர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இந்தக் குடுவை தின்று பெருகி, பெருகியதாலேயே சர்க்கரையைக் காலி செய்துவிட்டு, பூட்டைத் திறந்து, தான் ஆக்கிய சாராயத்தையே தின்ன ஆரம்பித்திருக்கிறது. வயிறு நிறைந்தது என்று நாங்கள் நினைத்த குடுவையும் பட்டினிதான்.

மிஷினைத் தோழியின் மூக்குக்கு நேரே நீட்டினேன். கேட்க வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். அவள் அதை வாங்கிச் செத்த நேரம் உற்றுப் பார்த்தாள்.

"எத்தன மணிக்குத் தீந்திருக்கும்?"

"தெரியல."

"தெரியலையா? அப்ப இன்னைக்கே போட்டு மணிக்கொருக்கப் பாப்பமா?"

மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால் இவள் கேள்வி கேட்கிறாள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கும் அந்த மணிதான் தெரிய வேண்டியிருந்தது.

அதற்குள் மேடம் உள்ளே வந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"மேடம், இவ எதையும் கலக்கல. நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன். பைப்பெட்ட இவகிட்டயே குடுங்க. ரிப்போர்ட்ட நான் எழுதுதேன்."

பஸ்ஸில் யோசித்து வைத்த பேச்சை விட்டுவிட்டேன். கையுறையை மாட்டிக்கொண்டேன்.